பெலுக்கார்க் காட்டில் பெரணி எண்ணியபோது

சிங்கப்பூரில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய எங்கள் அடுக்குமாடியின் பதினோராம் மாடித் தாழ்வாரத்தில் கறிவேப்பிலைக் கன்று நிற்கும் மண்தொட்டி ஒன்று இருக்கிறது. சென்ற ஆண்டின் வடகிழக்குப் பருவமழை நாள்களில், தொட்டியின் வெளிப்புறத்தில் நீர் கசிந்து எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில், பச்சைப் பொட்டுகள் சில தோன்றின. பாசி என்று எண்ணித் தேங்காய் நாரோடு வந்த அம்மாவைத் தடுத்துவிட்டு, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைவில்லையை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பொட்டும் வெற்றிலையை உளுந்தளவுக்குச் சுருக்கி ஒட்டிவைத்தது போல இருந்தது. வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியது. அடியில் வெள்ளை இழைகள் தொட்டியின் ஓட்டைப் பற்றியிருந்தன. பள்ளியில் படம் வரைந்து பாகங்களைக் குறித்த, பெரணியின் முதல் பருவமான ‘முன்உடலம்’ என்பதை, நாற்பது வயதைக் கடந்த பிறகு என் வீட்டுத் தொட்டியில்தான் முதன்முதலாக உயிரோடு கண்டேன்.

சில வாரங்களில், வெற்றிலையில் காம்பு சேரும் பள்ளம் போன்ற இடத்தின் அடியிலிருந்து ஓர் இலை எழுந்தது. அது விசிறி போல இருந்ததால் என்ன இனமென்று சொல்ல முடியவில்லை. ஐந்து மாதங்கள் கழித்து ஏணிப்படி போன்ற இலைகள் வந்தபோது ஐயம் தீர்ந்தது. பழைய செங்கல் சுவர்களிலும் சிமெண்டு வடிகால்களின் விரிசல்களிலும் சுண்ணாம்புச் சத்தைத் தேடி முளைக்கும் டெரிஸ் விட்டாட்டா அது. மண்ணிலுள்ள ஆர்சனிக்கை உறிஞ்சி இலைகளில் சேர்த்துவைக்கும் பெரணி என்று 2001ஆம் ஆண்டில் பெயர் பெற்றதும் இதுதான். எங்கள் மாடியில் அதை யாரும் நடவில்லை. கீழே எங்கோ ஒரு வடிகாலில் நிற்கும் தாய்ச்செடியின் ‘ஸ்போர்’ என்னும் இனப்பெருக்கத் தூள் காற்றில் ஏறி வந்து, ஈரமான ஓடு கிடைத்ததும் தங்கிவிட்டது.

ஓராண்டாக நான் கெண்ட் ரிட்ஜ் குன்றிலும் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றிய காட்டிலும் பெரணி எண்ணித் திரிவதற்கு அந்தத் தொட்டிதான் காரணம். இரண்டுமே பெரும்பாலும் மனிதர் அழித்த பிறகு தாமாக மீண்டு வளர்ந்த காடுகள். இத்தகைய இரண்டாம் நிலைக் காட்டை மலாய் மொழியில் ‘பெலுக்கார்’ என்பார்கள். கூட நடக்கும் நண்பர்கள் சிலர், “அங்கே என்ன இருக்கிறது, ஒரே புதர்” என்று சொல்வதுண்டு. புதர் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் புதரில் எந்தப் பெரணி இருக்கிறது, எது இல்லை என்று பார்த்தால், காடு எவ்வளவு தூரம் மீண்டிருக்கிறது என்பதை மரங்களைவிடத் தெளிவாகப் படித்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

முதலில் இந்தக் காடு எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூர்க் காடுகளைப் பெருமளவில் தின்றது கேம்பியர் பயிர். அதன் இலையைக் கொதிக்கவைத்து எடுக்கும் சாறு, நாம் வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியைப் போன்றது. தோல் பதனிடவும் பயன்பட்டது. இலையைக் காய்ச்ச விறகு வேண்டும். அதற்குச் சுற்றியிருந்த காடு வெட்டப்பட்டது. காய்ச்சிய சக்கையை உரமாக இட்டு மிளகும் பயிரிட்டார்கள். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளில் மண் சத்திழந்ததும் அந்த நிலத்தைக் கைவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள். விட்டுச்சென்ற நிலத்தை லாலாங் புல் பிடித்தது. லாலாங் வேறொன்றுமில்லை, நம் ஊரில் பலர் தர்ப்பை என்று எடுக்கும் அதே புல். 1880களில் அரசு காடுகளை ஒதுக்கத் தொடங்கியபோது ஒதுக்குவதற்கு மிஞ்சியிருந்தது கொஞ்சமே. இன்று முதனிலைக் காடு என்று சொல்லத்தக்கது தீவின் நிலப்பரப்பில் அரை விழுக்காடு கூட இல்லை. புக்கிட் தீமாவிலும் நீர்த்தேக்கங்களின் ஓரத்திலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. எஞ்சிய காட்டில் பெரும்பகுதி பெலுக்கார்தான்.

கெண்ட் ரிட்ஜ் குன்றின் மண் மிகுந்த அமிலத்தன்மை கொண்டது, சத்து வற்றியது. தியுப் தியுப் என்று மலாய்க்காரர்கள் அழைக்கும் அடினாண்ட்ரா மரமும், மஞ்சள் பூப்பூக்கும் சிம்போ ஆயரும், ஊதாப் பூவுடைய செண்டுடோக்கும்தான் அங்கே பெரும்பாலும் நிற்கின்றன. வெயில் படும் சரிவுகளில் இவற்றுக்கிடையே ஆளுயரத்துக்கு எழுந்து நிற்பது ரெசாம் பெரணி. அறிவியலில் டிக்ரனோப்டெரிஸ் லினியாரிஸ். வெப்ப மண்டல ஆசியாவில் கெட்டுப்போன நிலம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இதைக் காணலாம். இலங்கையின் ஈரவலயத்தில் கைவிடப்பட்ட தேயிலைச் சரிவுகளில் ‘கெக்கில்ல’ என்ற பெயரில் படர்ந்திருப்பதும் இதே இனம்தான்.

ரெசாமை நின்று பார்க்க வேண்டும். அதன் இலை ஒரே மூச்சில் வளர்ந்து முடிந்துவிடுவதில்லை. காம்பு சற்று நீண்டதும் இரண்டாகப் பிரிகிறது; பிரியும் கவட்டில் பழுப்பு மயிர் போர்த்திய சிறிய மொட்டு ஒன்று அமர்ந்திருக்கிறது. பக்கத்துக் கிளைகள் விரிந்து முற்றும்வரை அந்த மொட்டு காத்திருந்து, பிறகு நீண்டு, மீண்டும் கவடாகிறது. இப்படிக் கவட்டின்மேல் கவடாக, அருகிலுள்ள செடிகளின்மேல் சாய்ந்துகொண்டு, ஒரே இலை பல மீட்டர் நீளத்துக்கு ஏறிவிடும். ஒரு மழை ஓய்ந்த காலையில், பாதையோரத்து ரெசாம் திரளைக் கையால் விலக்கி உள்ளே பார்த்தேன். மேலே ஓரடி ஆழத்துக்குப் பச்சை. அதற்குக் கீழே, என் முழங்கை வரை விட்டும் தரை தட்டாத அளவுக்குக் காய்ந்த இலைகளும் காம்புகளும் கம்பிச்சுருள் போலப் பின்னிக் கிடந்தன. பழைய இலைகள் உதிர்வதில்லை. அப்படியே தொங்கிக் காய்கின்றன. மேலிருந்து விழும் மரவிதை அந்த மெத்தையிலேயே தங்கிவிடுகிறது. முளைத்தாலும் வேர் மண்ணைத் தொடுவதற்குள் காய்ந்துபோகிறது. தப்பித் தரைக்குச் சென்றதற்கு வெளிச்சம் கிடைப்பதில்லை. தீப்பிடித்தால் மெத்தை முழுவதும் எரிந்துவிடும். ஆனால் மண்ணுக்குள் ஓடும் மட்டத்தண்டு தப்பித்து, முதல் மழையில் மீண்டும் சுருள் தளிர்களை நீட்டும்.

இதனால் காடு மீள்வதற்கு ரெசாமே பெருந்தடை என்று சொல்வோர் உண்டு. நான் அந்த வழக்கில் முழுத் தீர்ப்பும் எழுதமாட்டேன். செங்குத்தான மண்சரிவை மழையில் கரையாமல் பிடித்துவைத்திருப்பதும் அதே மெத்தைதான். கெண்டிச்செடிகள் எனப்படும் நெபந்தஸ் கொடிகள் வெயிலுக்கு ஏறிச்செல்வதும் அதன்மேல்தான். பழைய மலாய்ப் பள்ளிகளில் ஜாவி என்னும் அரபு வரிவடிவ எழுத்தை எழுத ரெசாம் காம்பைச் சீவி எழுதுகோலாக்கினார்கள். இந்தோனேசியாவின் பாங்கா தீவில் அதன் நாரைப் பின்னித் தொப்பி செய்கிறார்கள். வெயில் உள்ளவரை ரெசாம் உண்டு. மரக்கிளைகள் ஒன்றுக்கொன்று கைகோத்து நிழல் விழத் தொடங்கியதும் ஓரிரு ஆண்டில் அது மெலிந்து, பழுப்பேறி, பாதையின் விளிம்புக்கு ஒதுங்கிவிடுகிறது. காட்டுக்குள் நடக்கும்போது ரெசாம் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதைக் குறித்துக்கொண்டால், கூரை மூடிய காட்டின் எல்லைக்கோடு கிடைத்துவிடும்.

அதே வெயில் விளிம்பில் வேறு பலவும் உண்டு. புதிய தளிர் செம்பு நிறமாக எழும் பிளெக்னம் ஓரியண்டாலே மண் வெட்டுகளில் வரிசையாக நிற்கும். வாள் போன்ற நீண்ட இலைகளுடன் நெஃப்ரோலெப்பிஸ் நிற்கும். மரத்தில் ஏறும் ஸ்டெனோக்லேனாவின் இளந்தளிர் சிவந்து பளபளக்கும். சரவாக்கில் அதற்கு ‘மிடின்’ என்று பெயர், பூண்டும் பெலாச்சான் என்னும் இறால் விழுதும் சேர்த்து வதக்கிச் சோற்றோடு உண்பார்கள். மலாய் மொழியில் பெரணிக்குப் பொதுப்பெயர் ‘பாக்கு’. ஆணிக்கும் அதே சொல்தான். சந்தையில் பாக்கு கேட்கும் தமிழர் கீரைக்கட்டோடு திரும்ப நேரிடலாம்.

லைகோடியம் என்னும் ஏறு பெரணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் அது என்னை நன்றாக ஏமாற்றியது. கம்பி போன்ற கொடி மரத்தைச் சுற்றி ஏறியிருக்க, அதிலிருந்து இரு பக்கமும் இலைகள் புறப்பட்டிருந்தன. கொடியைத் தண்டு என்றும் பக்கத்தில் உள்ளவற்றை இலை என்றும் எழுதிக்கொண்டேன். தவறு. தண்டு மண்ணுக்குள் இருக்கிறது. மரத்தைச் சுற்றி மேலே போவது முழுவதும் ஒரே இலையின் நடுநரம்பு. நான் இலை என்று எண்ணியவை சிற்றிலைகள். கீழ்ப்பகுதிச் சிற்றிலை அகன்றும், ஸ்போர் தாங்கும் மேற்பகுதிச் சிற்றிலை ஓரத்தில் பல் பல்லாக அரும்பியும் இருந்ததால் இரண்டு இனமாகவும் கணக்கிட்டிருந்தேன். ஸ்டெனோக்லேனாவிலும் இதே கூத்துதான்: ஸ்போர் தாங்கும் இலைகள் நாடா போல ஒடுங்கியிருப்பதால் அது வேறு பெரணி என்று நினைத்துவிட்டேன். முதல் மாதத்தில் குறிப்பேட்டில் 22 இனங்கள் இருந்தன; ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபோது 17 ஆகக் குறைந்தன. பெரணி எண்ணுபவருக்கு ஒரே செடி இரண்டு வேடங்களில் வரும் என்ற எச்சரிக்கை முதலிலேயே தேவை.

அந்தப் பதினேழில் இரண்டு இம்மண்ணுக்கு உரியவையல்ல. ஒன்று, நிழலோரப் பாதைகளில் பாய் விரித்தாற்போலப் பரவியிருக்கும் அடியாண்டம் லாட்டிஃபோலியம். மற்றொன்று, இலையின் அடிப்புறம் வெள்ளிப்பொடி பூசிய பிட்டிரோகிராமா. இரண்டும் வெப்ப மண்டல அமெரிக்காவிலிருந்து வந்தவை. வெள்ளிப் பெரணியைக் கண்டதும் சிறுவயதில் குன்னூரில் மாமா வீட்டுக்குப் போன கோடை விடுமுறை நினைவுக்கு வந்தது. அங்கே மண்மேட்டில் பறித்த இலையைப் புறங்கையில் வைத்து ஓங்கித் தட்டினால், இலையின் ஒவ்வொரு பல்லும் கோலமாவில் வரைந்தது போலப் பதியும். பச்சை குத்திக்கொண்டதாகச் சொல்லித் திரிவோம். இங்கே பூங்காச் செடிகளைப் பறிக்கச் சட்டம் இடம் தராது. ஆகவே குனிந்து, இலையைத் திருப்பி, பார்த்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மரத்தின்மேல் வாழும் பெரணிகளைத் தேடக் காட்டுக்குள் போகவே தேவையில்லை என்பது சிங்கப்பூரின் வேடிக்கை. இளம் பெலுக்காரில் மரங்கள் மெலிந்தவை, பட்டை வழுவழுப்பானது; தொற்றுத் தாவரங்கள் அரிது. ஆனால் சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரங்களின் அகன்ற கிளைகளில் அவை திருவிழாக் கூட்டம் போல நெருங்கியிருக்கின்றன. கூடை போன்ற அஸ்ப்ளீனியம் நிடஸ், மான்கொம்பு போலத் தொங்கும் பிளாட்டிசீரியம், காசு காசாக ஒட்டிப் படரும் பைரோசியா, இவற்றுக்கிடையே முயல்கால் போன்ற மயிர்த்தண்டுடன் டவாலியா. மகப்பேற்றில் இறந்த பெண் ‘லாங்சுயிர்’ என்னும் பேயாகி அஸ்ப்ளீனியக் கூடையில் குடியிருப்பாள் என்பது மலாய் நம்பிக்கை. பேய் இருக்கிறதோ இல்லையோ, பூச்சிகள் இருக்கின்றன. சபாவின் டானும் பள்ளத்தாக்கில் இக்கூடைகளைப் பிரித்துப் பார்த்தவர்கள், காட்டின் உச்சியில் வாழும் சிற்றுயிர்களின் எடை பற்றி அதுவரை இருந்த மதிப்பீட்டை இரட்டிப்பாக்க வேண்டியிருந்தது என்று 2004இல் எழுதினார்கள்.

இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் நெருக்கமானது டிரைனேரியா குவெர்சிஃபோலியா. அதற்கு இரண்டு விதமான இலைகள். ஒன்று பச்சையாக நீண்டு, வெட்டு வெட்டாகப் பிரிந்து, ஸ்போரைத் தாங்குவது. மற்றொன்று குட்டையாக, காம்பில்லாமல், விரைவிலேயே பழுப்பேறி, அப்பளம் போல மொறுமொறுப்பாகி, கிளையோடு அணைத்துக்கொண்டு நிற்பது. செத்த இலை என்று பலர் நினைக்கும் இந்தப் பழுப்பு இலைதான் செடியின் உரக்குழி: மேலிருந்து உதிரும் சருகும் தூசும் இதற்குள் தங்கி மக்கி, மண்ணே இல்லாத உயரத்தில் மண்ணாகின்றன. அந்த இலைகளுக்கு அடியில் ஆட்டுக்கால் போலப் பழுப்பு மயிர் போர்த்திக்கொண்டு ஓடுகிறது தண்டு. கொல்லிமலைக்குப் போனவர்கள் இந்நேரம் கண்டுகொண்டிருப்பார்கள்; அரப்பளீசுவரர் கோயில் பக்கம் கூடையில் வைத்து, மூட்டுவலிக்கு நல்லதென்று விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கு இதுவே. அங்கே மயிரைச் சீவி, மிளகு சீரகத்தோடு இடித்து சூப் வைக்கிறார்கள். இங்கே பேருந்து நிறுத்தத்தின் தலைக்குமேல் யாரும் ஏறெடுத்துப் பாராமல் வளர்கிறது. ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பாவுக்குச் சாலையோரத்தில் அதைக் காட்டினேன். “இங்கே இதைப் பறிக்க ஆளே இல்லையா?” என்று அவர் வருந்திய வருத்தம் இன்னும் கண்முன் நிற்கிறது.

மரக்கிளையில் வாழ்வதன் சிக்கல் நீர். மழை நின்ற அரை மணியில் பட்டை காய்ந்துவிடும். 2014ஆம் ஆண்டு ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி வரை சிங்கப்பூரில் மழையே இல்லாமல் போன வாரங்களில், சாலையோர அஸ்ப்ளீனியக் கூடைகள் கசங்கிய வாழையிலை போல மடிந்து தொங்கியதைப் பார்த்தேன். அவற்றுக்குப் பக்கத்திலேயே பைரோசியாவின் காசு இலைகள், சற்றுச் சுருங்கினாலும், பச்சை மாறாமல் இருந்தன. பிரண்டையும் கள்ளியும் செய்வதையே அது செய்கிறது: பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் பயன்படுத்துகிறது. பெரணி என்றாலே ஈரத்துக்கும் நிழலுக்கும் ஏங்கும் செடி என்ற பொது எண்ணத்துக்குத் தூங்குமூஞ்சி மரத்தின் கிளையே மறுப்பு.

ஆனால் பெலுக்காரில் எதைக் காண முடியவில்லை என்று கேட்கும்போதுதான் அந்தப் பொது எண்ணத்தில் உள்ள உண்மை தெரிகிறது. மெக்ரிட்சியில் நூறாண்டுக்கு மேற்பட்ட காட்டுக்குள், ஓடை செதுக்கிய பள்ளத்தில் இறங்கினால் வேறு உலகம். சியாத்தியா மரப்பெரணி இரண்டாள் உயரத்தில் குடை விரித்து நிற்கிறது. அதன் கருத்த தண்டைப் போர்த்திய வேர்ப்பின்னலைத் தொட்டால் விரல் நனைகிறது. ஓடைக்கரையில் செலஜினெல்லா வில்டினோவி மயில்கழுத்து நீலத்தில் மின்னுகிறது. அது பெரணியல்ல, பெரணிக்குத் தூரத்து உறவு. அந்த நீலமும் சாயமல்ல, இலையின் மேற்பரப்பிலுள்ள மெல்லிய அடுக்குகளில் ஒளி செய்யும் வித்தை. இலையில் தண்ணீர் படிந்ததும் நீலம் அணைந்து வெறும் பச்சையாகிவிடுவதைக் கைவில்லையில் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்கு மேலே, வெளிச்சம் மங்கிய சரிவில், டேனிட்டிஸ் பிளெக்னாய்டிஸ்: தோல் போன்ற கரும்பச்சைச் சிற்றிலைகள் சில, ஒவ்வொன்றின் அடியிலும் நடுநரம்புக்கும் விளிம்புக்கும் இடையே பென்சிலால் இழுத்தாற்போல ஸ்போர்க்கோடு. பெயரிலேயே இவ்வூரைத் தாங்கும் டெக்டாரியா சிங்கப்பூரியானாவைத் தேடினால் புக்கிட் தீமாவின் பழங்காட்டு நிழலுக்குத்தான் போக வேண்டும். இளம் பெலுக்காரில் இவற்றில் ஒன்றும் இல்லை, அல்லது மிக அரிதாக ஓடையோரத்தில் ஒன்றிரண்டு.

ஏன் இல்லை? மரங்களைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டால், விதை வந்து சேரவில்லை என்று பதில் சொல்லலாம். பெரிய விதையைச் சுமக்கும் பறவைகளும் விலங்குகளும் போய்விட்டன. பழங்காடு தொலைவில் இருக்கிறது. ஆகவே மரம் வரத் தாமதமாகிறது. பெரணிக்கு இந்தச் சாக்கு செல்லாது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இருபது முப்பது ஸ்போர்களை வரிசையாக வைத்துவிடலாம், அவ்வளவு சிறியவை. என் தொட்டிப் பெரணியின் முற்றிய இலைத்துண்டை வெள்ளைத்தாளில் வைத்து மேசை விளக்கின் அடியில் விட்டபோது, கைவில்லைக்குக் கீழே ஒரு போர் நடந்தது. ஒவ்வொரு ஸ்போரகத்தையும் முதுகெலும்பு போலச் சுற்றியிருக்கும் தடித்த உயிரணுக்களின் வளையம், நீர் ஆவியாக ஆவியாக வில்லைப் போலப் பின்னோக்கி வளைந்தது. ஒரு கட்டத்தில் உயிரணுக்களுக்குள் குமிழ் தோன்றியதும் கவண் விட்டாற்போலச் சடக்கென்று முன்னே பாய்ந்து ஸ்போர்களை எறிந்தது. இத்தகைய ஸ்போரகம் ஒன்றில் வழக்கமாக 64 ஸ்போர்கள். ஒரே இலையில் ஸ்போரகங்கள் ஆயிரக்கணக்கில். மறுநாள் காலையில் தாளில் மிளகுத்தூள் தூவியிருந்தது.

இந்தத் தூள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் இந்தோனேசியாவின் கிரக்கதோவாவைவிட நல்ல சான்று தேவையில்லை. 1883 ஆகஸ்டில் அந்த எரிமலை வெடித்துத் தீவு சாம்பலால் மூடப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1886இல், போகோர் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் மெல்கியோர் டிரோய்ப் அங்கே இறங்கியபோது, கடலைத் தாண்டி வந்து முளைத்திருந்த 11 பெரணி இனங்களைக் கண்டார். அத்தனை தூரம் கடந்த தூளுக்குப் புக்கிட் தீமாவிலிருந்து கெண்ட் ரிட்ஜுக்கு வருவது ஒரு பொருட்டே அல்ல. நிழற்பெரணியின் ஸ்போர்கள் பெலுக்கார் மண்ணில் இன்றும் விழுந்துகொண்டுதான் இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

விழுவது வேறு, வாழ்வது வேறு. ஸ்போர் முளைத்தால் நேரடியாகப் பெரணி வருவதில்லை. என் தொட்டியில் கண்ட அந்த உளுந்தளவு முன்உடலம்தான் வரும். அதற்கு நீரைக் கொண்டுசெல்லும் குழாய் கிடையாது, காய்வதைத் தடுக்கும் தடித்த தோல் கிடையாது. ஆணணு முட்டையை அடைய அதன் அடிப்புறத்தில் ஒரு படலம் தண்ணீர் இருக்க வேண்டும். அதில் நீந்தித்தான் அது போக வேண்டும். அதன்மேல் ஒரு சருகு விழுந்தாலே வெளிச்சம் போய்விடும். ஆகவே சருகு தங்காத, ஆனால் காயாத இடம் வேண்டும்: ஓடைக்கரையின் செங்குத்து மண், சாய்ந்த மரம் வேரோடு பெயர்த்தெடுத்த மண்கட்டி, பாசி படிந்த பாறை. பழங்காட்டில் இவை ஏராளம். இளம் பெலுக்காரில் மரங்கள் சாய்ந்து விழும் அளவுக்கு முதிரவில்லை; சருகு மெதுவாக மக்கித் தரையை மூடுகிறது; பிற்பகலில் காற்று உலர்ந்துவிடுகிறது. ஹைமனோபில்லேசி என்னும் கண்ணாடிப் பெரணிகளின் நிலை இன்னும் மோசம். அவற்றின் முதிர்ந்த இலையே நரம்பு நீங்கலாக ஓர் உயிரணுத் தடிமன்தான், இலைத்துளைகளும் கிடையா. காற்றின் ஈரம் சற்றுக் குறைந்தாலும் அவை ஈரத்தாளைப் போலக் காய்ந்துவிடும்.

நிழலே பெரணிக்கு எதிரி என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. உலகில் அறியப்பட்ட ஏறத்தாழ 10,500 பெரணி இனங்களில் பெரும்பகுதி, பூக்கும் மரங்கள் காடுகளைப் பிடித்துத் தரையை இருட்டாக்கிய பிறகே கிளைத்துப் பெருகின. மங்கிய ஒளியிலும் திசையறிந்து வளர உதவும் நியோகுரோம் என்னும் ஒளி உணர் புரதத்துக்கான மரபணு, ஹார்ன்வொர்ட் என்னும் பாசி போன்ற செடியிலிருந்து பெரணிக்குத் தாவியது என்று 2014இல் கண்டறிந்தார்கள். கடன் வாங்கிய கண்ணை வைத்துக்கொண்டு இருட்டில் குடும்பம் பெருக்கிய கூட்டம் இது. குறை ஒளியில் இல்லை, ஈரத்தில்தான்.

எத்தனை இனம் என்று மட்டும் எண்ணினால் இது தெரியாமல் போகும். திறந்த விளிம்பும் ஓடையும் பழைய ரப்பர் மரங்களும் கலந்த ஒரு பெலுக்கார்த் துண்டில் எண்ணிக்கை கணிசமாகவே வரும்; வெயில் பெரணிகளும் வந்தேறிகளும் அந்த எண்ணை நிரப்பிவிடும். இழந்தது என்ன என்பதை அறிய, பூமலை என்று நாம் அழைக்கும் தாவரவியல் பூங்காவின் உலர்தாவரக் காப்பகத்தைத்தான் கேட்க வேண்டும். 1925 முதல் 1949 வரை அதன் இயக்குநராக இருந்த ஹோல்ட்டம், பெரணி வகைப்பாட்டில் உலகறிந்த பெயர். ஜப்பானியர் ஆட்சியிலும் அவர் தோட்டத்திலேயே தங்கி ஆய்வைத் தொடர அனுமதிக்கப்பட்டார். அவரும் அவருக்கு முன்னிருந்தவர்களும் ஒட்டிவைத்த தாள்களை இன்றைய காட்டோடு ஒப்பிட்டு 1994இல் வெளிவந்த ஆய்வு, சிங்கப்பூரில் பதிவான 2,277 உள்நாட்டுத் தாவர இனங்களில் 594 மறைந்துவிட்டதாகக் கணக்கிட்டது. மரங்களின்மேல் வாழும் தொற்றுத் தாவரங்களில் மட்டும் 62 விழுக்காடு போய்விட்டது.

‘மறைந்தது’ என்ற சொல்லிலும் பெரணி சிறிது குழப்பம் செய்யும். நாம் தேடுவது இலையை. இலை வராமலே முன்உடலமாகக் காலங்காலமாக வாழ்கிற பெரணிகளும் உண்டு. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப் பாறை இடுக்குகளில் விட்டாரியா இனம் ஒன்று அப்படியேதான் வாழ்கிறது, அதன் முழுச்செடியைக் காட்டில் எவரும் கண்டதில்லை. அதை அறிந்த நாளிலிருந்து ஓடைக்கரை மண்ணில் பச்சைப் பொட்டைக் கண்டால் பாசி என்று கடந்துபோக மனம் வருவதில்லை. முழங்காலிட்டுக் கைவில்லையை எடுத்துவிடுகிறேன். முன்உடலத்தை வைத்து இனத்தைச் சொல்வது என் போன்றவரால் ஆகாது. எத்தனை இடத்தில் ஈரம் தங்குகிறது என்பதை அது சொல்லிவிடுகிறது. எனக்கு அது போதும்.

சென்ற மாதம் கெண்ட் ரிட்ஜின் வடசரிவில், பாதையிலிருந்து பார்த்தாலே தெரியும் ஒரு பள்ளத்தில், பெரிய அடினாண்ட்ரா மரமொன்று வேரோடு சாய்ந்திருந்தது. வேர் பெயர்த்த மஞ்சள் மண்சுவர் ஓராள் அகலம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி முழுவதும் வெற்றிலைப் பொட்டுகள். நூற்றுக்கு மேல் எண்ணியபின் விட்டுவிட்டேன். அவற்றினிடையே பிளெக்னம் கன்றுகள் செந்தளிர் நீட்டியிருந்தன, அது எதிர்பார்த்ததே. வலது ஓரத்தில், வேர் ஒன்றின் நிழலில், கட்டைவிரல் நீளத்தில் பிரியாத தோலிலை இரண்டும், மூன்றாவதாக மூன்று சிற்றிலையாகப் பிரிந்த இலை ஒன்றும் கொண்ட கன்று நின்றது. தொடாமல், தரையோடு தலையைச் சாய்த்து அடிப்புறத்தைப் பார்த்தேன். ஸ்போர்க்கோடு வரும் வயது அதற்கு இன்னும் ஆகவில்லை. ஆனால் கருமையேறிய பச்சையும் வலைபோல் பின்னிய நரம்பும் டேனிட்டிஸ் என்றே சொல்லின. ரெசாம் நின்றுபோன இடத்திலிருந்து அந்தப் பள்ளம் வரை அடியெடுத்து அளந்தேன்: நாற்பத்தொரு அடி. குறிப்பேட்டில் பதினெட்டு என்று இலக்கமிட்டு, இலை முற்றும்வரை பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கட்டும் என்று பென்சிலால் போட்டுவைத்திருக்கிறேன்.